கதவுக்கு வெளியே ஒரு வெல்ஃபேர் ஆபீசர்

கனடாவின் ஸ்கார்பரோவில் மனநல ஆலோசகரின் அறைக்கு வெளியே, தரையில், ஒரு கடல் இருக்கிறது. குக்கர் மூடி அளவுக்கு ஒரு வெள்ளை வட்டப் பெட்டி. பொத்தானை அமுக்கினால் அலை அடிக்கும். உள்ளே பேசுவது வெளியே உட்கார்ந்திருப்பவர் காதில் விழக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. மனதுக்கும் இதமாக இருக்கும் என்றாள் வரவேற்பு மேஜைப் பெண். நான் ராயபுரத்துக்காரன். துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்து நரைத்தவன். எனக்குத் தெரிந்த கடலில் டீசலும் மீன்கழிவும் நிலக்கரித் தூளும் கலந்து வரும். அது யாருடைய இரகசியத்தையும் காப்பாற்றியதாக நினைவில்லை. இந்தக் கடலுக்கு நாற்றமும் கிடையாது, ஈரமும் கிடையாது. பதினோரு விநாடிக்கு ஒருமுறை அதே அலை திரும்ப வருகிறது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எண்ணுவதற்கு எனக்கு அங்கே நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். உள்ளே இருந்தவள் என் மனைவி பிலோமினா. வெளியே உட்கார வைக்கப்பட்டவன் நான்.

என்னை யாரென்று சொல்லிவிடுகிறேன். எர்ணாவூர்ப் பக்கம் ஒரு வார்ப்பிரும்புத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் லேபர் வெல்ஃபேர் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். இத்தனை தொழிலாளிகளுக்கு மேல் இருந்தால் அவர்கள் நலனைக் கவனிக்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே நான் இருந்தேன். கேன்டீன் இட்லியின் எடை, கழிப்பறைச் சுவரின் சுண்ணாம்பு, இறந்துபோனவர் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய மாலையின் அளவு எல்லாம் என் இலாகா. மனிதனுடைய நலன் எந்தப் பதிவேட்டில் எந்தப் பத்தியில் ஏறும் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவனுக்கு, அலுவலகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு திரிகிற ஒரு பெண்மணி நலத்தைப் பற்றிப் பாடம் நடத்தினால் எப்படி இருக்கும் என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இந்த ஊரில் எங்கே திரும்பினாலும் நலம்தான். நூலகச் சுவரில் நலம், பேருந்து நிறுத்தக் கண்ணாடியில் நலம், வங்கி வாசலில் கூட மூச்சை இழுத்து விடுவது எப்படி என்று ஒரு படம். என் மகள் ஜெனிஃபரின் அலுவலகத்தில் புதன்கிழமை மதியம் எல்லாரையும் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு காய்ந்த திராட்சையை ஐந்து நிமிடம் மெல்லச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். மற்ற நான்கு நாளும் அவளுக்குச் சாப்பிடவே நேரம் கிடையாது. நம் ஊரும் சளைத்ததில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஒருமுறை யோகா வகுப்பு வைத்தார்கள். அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த மைதானத்தில் எல்லாரையும் நிறுத்தி, நன்றாக ஆழமாக மூச்சை இழுங்கள் என்றார் பயிற்சியாளர். சொன்ன பேச்சைக் கேட்டவர்கள் எல்லாம் இருமினார்கள். ஏற்பாடு செய்தவன் நான் என்பதால் அறிக்கையில் 'சிறப்பாக நடைபெற்றது' என்று எழுதினேன்.

இவ்வளவு அலட்சியத்தோடு இருந்தவன் அந்த வாசலுக்கு ஏன் போனேன் என்றால், பிலோமினா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ராயபுரத்தில் அவள் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். அது ஒரு குறை என்று முப்பத்தைந்து வருடம் நான் எடுத்துச் சொல்லிவந்தேன். மகள் அழைப்பில் இருவரும் கனடா வந்த முதல் வருடம் அந்தக் குரல் பாதியாயிற்று. இரண்டாம் வருடம் 'உம்' என்ற ஒரே சொல்லில் வந்து நின்றது. வீட்டுக்குள்ளேயே குளிர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். அரை இட்லி, சில நாள் அதுவும் இல்லை. ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது கல்யாண மோதிரம் தானாக விரலிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. நான் சும்மா இருக்கவில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஓர் அட்டவணை தயாரித்தேன்: காலை, மதியம், இரவு, எத்தனை கரண்டி, எத்தனை மணிக்கு. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, ஒவ்வொரு வேளையும் நானே நிரப்பினேன். எண்கள் குறைந்துகொண்டே போயின. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. குடும்ப டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு, இன்னும் நான்கு கிலோ குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் வழியாகத்தான் உணவு என்றார். அதற்கு முன் ஆலோசகரைப் பாருங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எனக்கு நோய் என்னவென்று தெரிந்திருந்தது. ஊர் ஏக்கம். மருந்தும் தெரியும்: விமான டிக்கெட். ஆனால் எங்கள் நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது. அரசாங்கத்துக் கோப்பில் 'மனம்' என்ற சொல் ஒருமுறை ஏறிவிட்டால் இறங்காது என்பது என் அனுபவம். ஆகவே போகிற வழியில் பேருந்திலேயே அவளைத் தயார் செய்தேன்.

“உள்ள இன்னா கேப்பாங்க?” என்றாள். அந்த வாரத்தில் அவள் சொன்ன முதல் முழு வாக்கியம்.

“தூக்கம் வருதா, பசிக்குதா, அழுகை வருதான்னு கேப்பாங்க. எல்லாத்துக்கும் அதெல்லாம் ஒண்ணும் இல்லன்னு சொல்லு. பேப்பர்ல ஏறிச்சுன்னா பி.ஆர். கோவிந்தா.”

“அப்போ இன்னாத்துக்கு ஜெனிப்பா போறோம்?” ஜெனிஃபருடைய அப்பா என்பது அவள் வாயில் ஜெனிப்பா.

“டாக்டர் எழுதிட்டாரு. போகலன்னா அதுவும் பேப்பர்ல ஏறும்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆலோசகர் பெயர் மார்லீன். ஐம்பது வயதிருக்கும். கம்பளிக் காலுறைக்காரி இவள்தான். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கைக்கு எட்டும்படி டிஷ்யூ பெட்டிகளை வைத்திருந்தாள். அழுகையை எதிர்பார்த்து நடத்தப்படும் அலுவலகம். முதலில் இரண்டு பக்கத் தாள் ஒன்றை என்னிடம் கொடுத்து, தமிழில் முழுதும் படித்துச் சொல்லுங்கள் என்றாள். நான் முதல் பக்கத்தின் தலைப்பைப் பார்த்தேன். பிலோமினாவிடம், “சும்மா ரூல்ஸு. கையெழுத்துப் போடு” என்றேன். இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டீர்களா என்றாள் மார்லீன். தமிழ் மிகவும் சுருக்கமான மொழி என்றேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள். மொழியைப் பற்றித்தான் குறிக்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இப்படி இருந்ததா, அப்படி இருந்ததா. ஒருபோதும் இல்லை என்றால் பூஜ்யம், தினமும் என்றால் மூன்று. மனிதத் துயரத்தை அளக்க மூன்று வரைக்கும் எண் போதும் என்று கண்டுபிடித்தவன் வீட்டில் யாரும் இதுவரை செத்திருக்க மாட்டார்கள். நான் கேள்வியைத் தமிழில் சொல்வேன். அவள் 'இல்ல' என்பாள். நான் 'ஜீரோ' என்பேன். வீட்டாருக்குப் பாரமாகிவிட்டோம் என்று தோன்றுகிறதா என்ற கேள்வி வந்தபோது அவள் நிமிர்ந்து, “ஜெனிப்பா, இவங்களாண்ட ஒண்ணு...” என்று ஆரம்பித்தாள்.

“இல்லன்னு சொல்லு” என்றேன்.

“இல்ல.”

“ஜீரோ.”

மார்லீன் கூட்டிப் பார்த்தாள். மொத்தம் பூஜ்யம். “இந்தக் கட்டடத்தில் பூஜ்யம் வாங்கியவர்கள் யாரும் இல்லை. எனக்கே ஏழு வரும்” என்றாள். பாராட்டுகிறாள் என்று எண்ணி நன்றி சொன்னேன். கிளம்பும்போது, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டாள். நான் மொழிபெயர்ப்பாளர் என்று ஞாபகப்படுத்தினேன்.

அடுத்த வாரம் அறைக்குள் நுழையும்போதே மேஜை மேல் ஒலிபெருக்கி வைத்த தொலைபேசி இருந்தது. இனிமேல் மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் வருவார், நீங்கள் வெளியே இருக்கலாம் என்றாள் மார்லீன். எந்த விதிப்படி என்றேன். இந்தக் கேள்விக்கு முப்பத்தொரு வருடத்தில் பலர் வாயடைத்துப் போயிருக்கிறார்கள். அவளோ எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது. விதிக்கு எண்ணும் இருந்தது. முதல் வாரம் அவர்களுக்கு ஆள் கிடைக்காததால் என்னை அனுமதித்தது தன் தவறு என்று ஒப்புக்கொள்ளவும் செய்தாள். கனடாவில் எனக்கு மரியாதை தோன்றிய முதல் கணம் அது. அந்த மரியாதையோடுதான் வெளியேற்றப்பட்டேன். கதவு மூடுவதற்குள் தொலைபேசியில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்குரல் கேட்டது: “வணக்கம் அம்மா. நீங்கள் சொல்லுறது ஒண்டையும் நான் வெளியில சொல்ல மாட்டன். ஆறுதலாக் கதையுங்கோ.” அதற்கு என் மனைவி, “உனுக்கு எந்த ஊரும்மா? குரலு சின்னப் பொண்ணு மாறி கீதே” என்றாள். கதவு மூடிக்கொண்டது. பெட்டிக்குள்ளிருந்து அலை அடித்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது தணிகாசலம் நினைவுக்கு வந்தார். வரக்கூடாது என்று பல வருடமாக நான் ஏற்பாடு செய்து வைத்திருந்த ஆள். நெட்டுக்குப்பத்து மீனவக் குடும்பத்திலிருந்து தொழிற்சாலைக்குள் வந்த முதல் மனிதர். எங்கள் ஷெட்டில் மேலே தண்டவாளத்தில் ஓடும் கிரேனை இயக்குபவர். ஒரு நாள் இரும்புக் கயிறு அறுந்து பாரம் கீழே விழுந்ததில், அவருடைய உதவியாளர் அந்த இடத்திலேயே போய்விட்டார். விசாரணை, நஷ்ட ஈடு, மாலை, எல்லாம் முறைப்படி நடந்தது. கிரேனைத் திரும்ப ஓட்டுவதற்கு முன் பூசணிக்காய் உடைத்துச் சேவல் பலி கொடுக்க வேண்டும் என்றார்கள் தொழிலாளிகள். கொடுக்காமல் ஒருவரும் அதைத் தொட மாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சேவலை 'துப்புரவுப் பொருட்கள்' என்ற தலைப்பில் வாங்கிக்கொடுத்தேன். இதோடு முடிந்தது என்று இருந்தபோது, மும்பைத் தலைமை அலுவலகம் ஓர் இளம் பெண் ஆலோசகரை அனுப்பியது. விபத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் தூக்கம் வருகிறதா, கை நடுங்குகிறதா என்று ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும்.

ஷெட்டில் ஒரே பரபரப்பு. ஆளைக் குறைப்பதற்குத்தான் இந்த ஃபாரம் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே நம்பினேன். யூனியன் தலைவரும் நானும் வாழ்நாளில் ஒருமுறை ஒத்துப்போன விஷயம் அது: எல்லாரும் 'இல்லை' பத்தியில் டிக் போட வேண்டும். தணிகாசலம் மட்டும் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“சார், மேல ஏறுனா கை நடுங்குது சார். கீழ பாத்தா அவந்தான் நின்னுகினு கீறான். சிரிக்கிறான் சார்.”

“அதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாத. அன்ஃபிட்னு எழுதிட்டா மெடிக்கல் போர்டு. வேலை போயிடும்.”

“அப்போ இன்னா சார் சொல்றது?”

“நல்லாத் தூக்கம் வருதுன்னு டிக் போடு.”

“அது பொய்யி சார்.”

“ஃபாரத்துல உண்மை பொய்யெல்லாம் கிடையாதுப்பா. பதில்தான் உண்டு.”

இந்த வாக்கியத்தை அப்போது நான் மிகவும் ரசித்தேன். ஒரு மனிதன் நசுங்கிச் செத்ததைக் கண்ணெதிரே பார்த்த ஷெட் முழுவதும் நன்றாகத் தூங்குகிறது என்று அறிக்கை போயிற்று. தணிகாசலம் தகுதியானவர் என்று மேலே ஏறினார். மூன்றாவது வாரம், பாதி வழியில் பாரத்தைத் தொங்கவிட்டபடி கிரேன் நின்றது. கூப்பிட்டால் பதில் இல்லை. இரண்டு பேர் ஏணியில் ஏறிப் போனபோது, நெம்புகோலைப் பிடித்த கையை விடாமல், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்களாம். பிறகு மெடிக்கல் போர்டு. பிறகு வேலை நீக்கம். எதைத் தடுப்பதற்காகப் பொய் சொல்ல வைத்தேனோ அது அச்சுப் பிசகாமல் நடந்தது. அந்தக் கோப்பை மூடும்போதுதான் ஆலோசகரின் ஃபாரத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது: மேலே ஏற முடியாதவருக்கு, சம்பளம் குறையாமல், தரையில் மாற்றுப் பணி பரிந்துரை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் ஸ்டோரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றிருப்பார். எல்லா நடைமுறையும் தெரிந்த நான் இரண்டாம் பக்கத்தைப் படிக்கவில்லை. ஒரு சின்னப் பெண் கொண்டு வந்த காகிதத்தில் இரண்டாம் பக்கம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பல வருடம் கழித்து எண்ணூர் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். முகத்துவாரத்தில் இறால் பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எழுந்து எனக்கு உட்கார இடம் கொடுத்தார். “எனக்கு நல்லதுதான சார் சொன்னீங்க” என்றார். எண்ணூர் வருவதற்கு முன்பே நான் இறங்கிக்கொண்டேன்.

பெட்டிக் கடலின் அலைகளுக்கு நடுவே உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. பிறகு வந்தது நிச்சயமாகச் சிரிப்புத்தான். மூன்று வீடு தாண்டிக் கேட்கிற அந்தப் பழைய சத்தம். வரவேற்புப் பெண்கூட நிமிர்ந்து பார்த்தாள். என்னால் உட்கார முடியவில்லை. செய்வதற்கு வேறு எதுவும் இல்லாமல் கைப்பையைத் திறந்து, முதல் வாரம் கையெழுத்துப் போட்ட தாளின் நகலை எடுத்து, இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். இங்கே சொல்லப்படுவது எதுவும் குடிவரவுத் துறைக்கோ வேறு எந்த அலுவலகத்துக்கோ, ஆபத்து நேரம் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் போகாது என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

வெளியே வந்த மார்லீன் ஒரு சிறிய சீட்டை நீட்டினாள். செவ்வாயும் வெள்ளியும் பிலோமினா பேருந்தில் தனியாக எங்காவது போய்விட்டு வர வேண்டும். எங்கே என்பது அவள் விருப்பம். கணவர் கூடப் போகக் கூடாது. அவளிடம் யாராவது கேள்வி கேட்டால் கணவர் பதில் சொல்லக் கூடாது. சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். இந்த முறை பின்பக்கம் காலியாக இருந்தது. மருந்து எங்கே என்றேன். அதுதான் என்றாள். என் மனைவி உள்ளே என்ன சொன்னாள் என்றேன். அவளைத்தான் கேட்க வேண்டும் என்றாள். என் பணிக்காலத்தில் எனக்கு மூடியிருந்த கோப்பு ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டபோது பிலோமினா குளிர்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னாள்: “அந்தம்மாவாண்ட சொல்லிட்டேன். இன்னொருவாட்டி சொல்ல மூச்சு இல்ல.”

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போனாள். பன்னிரண்டுக்கு வருவாள் என்று நானாக ஒரு நேரம் வகுத்துக்கொண்டேன். பன்னிரண்டரைக்கு அவள் போனுக்கு அடித்தேன். அது சமையலறை இழுப்பறைக்குள் மணியடித்தது. இரண்டு மணிக்குப் போலீஸை அழைக்கலாம் என்று எழுந்தேன். அறுபத்துநான்கு வயதுப் பெண்மணி தன் விருப்பப்படி பேருந்தில் போயிருக்கிறாள் என்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை என்பதால் உட்கார்ந்தேன். மூன்று மணிக்குக் கதவு திறந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. குளிரில் கன்னம் சிவந்திருந்தது.

“எங்க போன?”

“பஸ்ஸு போற எடத்துக்குப் போனேன். கடேசில எறங்கச் சொன்னான், எறங்கிக்கினேன். எதுர்ல ஒரு சீனாக்காரன் மீன்கட.”

“அவன்கிட்ட எப்படிப் பேசின?”

“வாய் கீதுல்ல? செவுளத் தூக்கிக் காட்டுன்னேன். காட்டல. நானே தூக்கிப் பாத்தேன், வெள்ளையா கீது. இத்த எவன் துன்னுவான்னு கேட்டேன். அவன் அவன் பாஷைல திட்டுனான். நான் நம்ப பாஷைல திட்டுனேன். அப்பால உள்ள போயி வேற மீனு எடுத்தாந்தான்.” பையைத் தொட்டியில் வைத்துவிட்டு, “நல்லாத் திட்டுறான் அவன்” என்றாள், ஒரு நல்ல டாக்டரைப் பற்றிச் சொல்வது போல.

அன்று அவளே குழம்பு வைத்து இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். நான் பேனாவை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் பக்கம் போனேன். அட்டவணை இருந்த இடம் காலியாக இருந்தது. ஒரு நாட்டின் நல்வாழ்வு இயந்திரம் முழுவதும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு மீன்காரன் வைததினால் சாதித்தான் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. எழுதினால் பாதிதான் உண்மை. வைவதற்கு ஆளில்லாமல்தான் அவள் வற்றிப்போகிறாள் என்று கண்டுகொண்டவள், காலுறையோடு திரிகிற அந்தப் பெண்மணி. அதற்கு அவளுக்கு மொழி தெரிந்த ஒரு குரலும், மூடுவதற்கு ஒரு கதவும் தேவைப்பட்டன. கதவின் இந்தப் பக்கம் நான் இருக்க வேண்டும் என்பதும் தேவைப்பட்டது. ஆலோசகர்களால் என்ன பயன் என்று கேட்கும் என் போன்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. திராட்சையைப் பற்றிய என் அபிப்பிராயம் அப்படியேதான் இருக்கிறது.

இருந்தாலும் என் வைத்தியத்தை நான் கைவிடவில்லை. நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். இதை வெளிநாட்டிலிருந்தே செய்யலாம் என்பது எனக்குத் தெரியும், யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு டிக்கெட் எடுத்து, ஒரு வெள்ளிக்கிழமை அவள் பேருந்திலிருந்து திரும்பியதும் மேஜை மேல் வைத்தேன்.

“நீ கேட்ட மாதிரியே ஊருக்குப் போயிடலாம். ஒரேயடியா.”

“நான் எப்போ கேட்டேன்?”

யோசித்துப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. அவளுக்காக நான் கேட்டிருந்தேன்.

“அங்க உனுக்கு ஆபீஸ் இருந்துச்சி, எனுக்கு தெரு இருந்துச்சி” என்றாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “காலைல போனா ராத்திரி வருவ. இங்க வந்து உனுக்கு ஆபீஸ் இல்ல. நான்தான் உன் ஆபீஸு. எப்போ எழுந்தேன், எத்தினி மாத்திர துன்னேன், கடைக்காரனாண்ட இன்னா சொல்லணும், எல்லாத்துக்கும் உன் கையெழுத்து. மூணு வேளையும் இன்ஸ்பெக்சன். அந்தப் பேப்பர ஃப்ரிட்ஜுல பாத்தா சோறு எறங்குமா? துன்னா எழுதிக்குவ, அதான் துன்னல.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே பிலோ.”

“சொல்ல வந்தேனே. இல்லன்னு சொல்லுன்ன.”

தணிகாசலம் அன்று பஸ்ஸில் எனக்கு இடம் கொடுக்காமல் இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அவள் டிக்கெட்டை ரத்து செய்து, என்னுடையதை எட்டு வாரத்தில் திரும்பும்படி மாற்றிக்கொண்டேன். ரத்து செய்யும் படிவத்தில் காரணம் கேட்டிருந்தது. 'பயணிக்கு விருப்பமில்லை' என்று அவளையே சொல்ல வைத்து எழுதினேன்.

இதை ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். வந்த மறுநாளே உயிர்ச் சான்றுக்காகப் பென்ஷன் அலுவலக இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தேன். நான் உயிரோடிருப்பதாக நான்கு நிமிடத்தில் ஒப்புக்கொண்டார்கள். மீதி எட்டு வாரத்தை என்ன செய்ய வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. காலையில் ஸ்டேஷன் வரை நடக்கிறேன். முப்பத்தொரு வருடம் இந்தத் தெருவை நான் ரயிலைப் பிடிப்பதற்கான வழியாகத்தான் வைத்திருந்தேன் என்பது இப்போது தெரிகிறது. யார் வீடு எது என்று தெரியாது. யாருக்கும் என்னிடம் பேச ஒன்றும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்களிடம் எனக்கும் அப்படித்தான்.

நேற்று மாலை ஆறு மணி இருக்கும். கீழ் வீட்டு ஷகீலா மாடிக்கு வந்தாள். வண்ணாரப்பேட்டையில் துணி வியாபாரம் செய்பவரின் மனைவி. பிலோமினாவோடு இருபது வருடம் சண்டை போட்டவள்.

“அண்ணே, அக்கா எப்டி கீறாங்க?”

'நன்றாக இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், இரண்டு கிலோ கூடியிருக்கிறாள்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டுப் போனில் வீடியோ அழைப்பை அழுத்தி அவள் கையில் கொடுத்தேன். ஸ்கார்பரோவில் அப்போது காலை ஏழரை.

“இன்னாடி ஷகீலா, எளச்சிட்ட? வூட்டுக்காரு சோறு போடலியா?”

“எனுக்கு இன்னாக்கா. நீ இன்னா வெள்ளக்காரி மாறி குல்லா போட்டுகினு கீற?”

“பஸ்ஸுக்குப் போறேன்டி. லாரி வந்துச்சா இன்னிக்கி?”

“வந்து கீது, வந்து கீது. மேரி வேற ஏழு கொடம் வெச்சிகினு ரவுடித்தனம் பண்ணிகினு கீறா. நீயே கேளு.”

சொல்லிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். அது என் போன் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. பால்கனிக்கு வந்து பார்த்தேன். மெட்ரோ வாட்டர் லாரி நிரப்பிவிட்டுப் போன கறுப்புத் தொட்டியைச் சுற்றிப் பெண்கள். போன் கைக்குக் கை மாறியது. ஒருத்தி அதைப் பச்சைக் குடத்தின் கழுத்தில் சாய்த்துத் தொட்டி மேல் நிறுத்தினாள். எல்லாரும் ஒரே நேரத்தில் அதனிடம் முறையிட்டார்கள். குல்லா போட்ட என் மனைவி அங்கிருந்து யார் குடம் முதலில் வந்தது என்று விசாரித்தாள், மேரியை நாலு வார்த்தை கேட்டாள், மேரியும் விடவில்லை. தீர்ப்பு வந்திருக்க வேண்டும். ஒரு குடம் பின்னே போயிற்று, ஒரு குடம் முன்னே வந்தது, எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று மாடி வரை தெளிவாகக் கேட்கவில்லை.

பிறகு அவள் என்னைப் பற்றிக் கேட்டிருப்பாள் போலிருக்கிறது. ஷகீலா போனை எடுத்துத் திருப்பி மாடியை நோக்கிப் பிடித்தாள். நான் கையை உயர்த்தினேன். அவ்வளவு தூரத்திலிருந்து, அந்த வெளிச்சத்தில், ராயபுரத்துப் பால்கனியில் நிற்கிற ஆள் அவளுக்குத் தெரிந்தானா என்று சொல்ல முடியவில்லை. ஷகீலா கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். அதற்குள் தொட்டியருகே யாரோ கூப்பிட்டார்கள். போன் மறுபடி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டது.